நாய் சினை ஸ்கேன்: எத்தனையாவது நாள் என்று எப்படிச் சொல்கிறோம்?

ஒரு நாள் காலையில் கிளினிக் திறக்கும் முன்பே ஒருவர் தன் சிப்பிப்பாறைப் பெட்டையோடு வாசலில் நின்றார். சட்டைப் பையில் இருந்து பாக்கெட் காலண்டரை எடுத்துக் காட்டினார். ஒரு தேதியைச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார். "டாக்டரம்மா, இன்னியோட அறுபத்து மூணு. ஒண்ணும் காணோம். குட்டிங்க உள்ளேயே போயிரும் போல இருக்கு. ஆபரேஷன் பண்ணி எடுத்துருங்க" என்றார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நாயோ அவர் காலடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

ஸ்கேனில் குட்டியின் தலை 26 மி.மீ. இருந்தது. இதயம் நிமிடத்துக்கு 230 முறை துடித்தது. இன்னும் நாலைந்து நாள் ஆகும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினேன். அவர் அரை மனதோடுதான் போனார். அவருடைய கணக்குப்படி 68ஆம் நாள் விடியற்காலையில் ஆறு குட்டிகள், தானாகவே பிறந்தன.

அந்த 26 மி.மீ.யை வைத்து நாலைந்து நாள் என்று எப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டார். இதே கேள்வியைப் பலரும் பல மாதிரிக் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

நாய்க்குச் சினைக்காலம் எத்தனை நாள்? ஒருவர் 58 என்கிறார், ஒருவர் 63 என்கிறார், ஒருவர் 70 என்கிறார்.

மூன்றும் சரிதான். எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதில்தான் வித்தியாசம். கருமுட்டை வெளியான நாளிலிருந்து எண்ணினால் 63 நாள், கூடவோ குறையவோ ஒன்றிரண்டு. முட்டையை வெளியே தள்ளும் எல்.எச். என்ற ஹார்மோன் உச்சத்துக்குப் போன நாளிலிருந்து எண்ணினால் 65. சேர்க்கை நடந்த நாளிலிருந்து எண்ணினால் 57 முதல் 72 வரை எதுவும் ஆகலாம். அதாவது, உடம்பு தன் கணக்கில் துல்லியமாகத்தான் இருக்கிறது. நாம் வைத்திருக்கும் தொடக்க நாள்தான் ஆடுகிறது.

நான் சேர்க்கை நாளைக் கண்ணால் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். அது போதாதா?

சினை பிடித்ததா என்று பார்க்க எப்போது வரவேண்டும் என்பதற்கு அது போதும். எப்போது குட்டி போடும் என்பதற்குப் போதாது.

காரணம் நாயின் உடம்பில் இருக்கிறது. பெட்டை பல நாட்கள் ஆண் நாயை ஏற்றுக்கொள்ளும். முட்டை வெளியாவது அதில் ஏதோ ஒரு கட்டத்தில். வெளியான முட்டையும் உடனே கருவாகாது, முதிர்வதற்கு இரண்டு மூன்று நாள் வேண்டும். வேறு பல விலங்குகளில் முட்டை முதிர்ந்த பிறகே வெளியே வரும், நாய்க்கு அப்படி இல்லை. இன்னொரு பக்கம் ஆண் நாயின் விந்தணு பெட்டையின் உடம்புக்குள் ஒரு வாரம் வரைகூட உயிரோடு காத்திருக்கும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து, வெள்ளிக்கிழமை முட்டை வெளியாகி, அதற்கும் பிறகு கருவாவது சாதாரணமாக நடக்கும். அந்தச் சிப்பிப்பாறைக்கு நடந்தது இதுதான். இரண்டு முறை சேர்த்திருந்தார்கள், முதல் சேர்க்கையிலிருந்து எண்ணியிருந்தார். அவர் எண்ணத் தொடங்கி ஐந்து நாள் கழித்துத்தான் முட்டையே வந்திருக்கிறது.

ஸ்கேன் குட்டியின் வளர்ச்சியை அளக்கிறது. வளர்ச்சி தொடங்குவது கருவான பிறகு. அதனால்தான் காலண்டரும் ஸ்கேனும் முட்டிக்கொள்ளும்போது நான் ஸ்கேன் பக்கம் நிற்கிறேன்.

முதல் ஸ்கேனுக்கு எப்போது கூட்டி வரட்டும்?

சேர்க்கை முடிந்து 28 முதல் 30 நாளுக்குள். ஆவலில் 18, 20ஆம் நாளே வருகிறவர்கள் உண்டு. அப்போது ஒன்றும் தெரியாவிட்டால் சினை இல்லை என்று அர்த்தமில்லை. முட்டை தாமதமாக வந்திருந்தால், உங்கள் 20ஆம் நாள் அதற்கு 14ஆம் நாளாக இருக்கும். அந்த வயதில் கரு கருப்பைச் சுவரில் ஒட்டியிருக்கவே இருக்காது. 25ஆம் நாளுக்கு முன் "இல்லை" என்று சொல்லிவிட்டால், ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த 28–30ஐ நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பிரசவ நாளைக் கணிக்க இதுவே மிக நல்ல நேரம். சின்ன வயதில் எல்லாக் குட்டிகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கின்றன. கடைசி வாரங்களில் பெரிய ஜாதிக் குட்டி ஒரு வேகம், சின்ன ஜாதிக் குட்டி ஒரு வேகம். ஒரே வயிற்றுக்குள்ளேயே ஒன்று தடியாகவும் ஒன்று நோஞ்சானாகவும் இருக்கும். அப்போது அளவெடுத்தால் பிழையும் கூடும். பலர் கடைசி வாரத்தில்தான் முதல் ஸ்கேனுக்கே வருகிறார்கள். அந்த நேரத்தில் நாள் கணிக்கக் கேட்டால், நாங்கள் கையில் இருப்பதிலேயே தளர்ந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் பதில் சொல்கிறோம்.

திரையில் உங்களுக்கு அப்படி என்னதான் தெரிகிறது? எங்களுக்கு வெறும் சாம்பல் புகைதான் தெரிகிறது.

நாயின் கருப்பை இரண்டு கிளையாகப் பிரியும், கவட்டை மாதிரி. இரண்டு கிளைகளிலும் கருக்கள் பாசிமணி கோத்ததுபோல வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஸ்கேனில் நீர் கறுப்பாகவும் எலும்பு வெள்ளையாகவும் தெரியும். சதையும் உறுப்புகளும் இடையிலுள்ள சாம்பல்.

இப்போது நான் சொல்லும் நாட்கள் எல்.எச். உச்சத்திலிருந்து எண்ணியவை. அதன்படி 65ஆம் நாள் பிரசவம்.

20ஆம் நாளை ஒட்டிக் கறுப்பாக ஒரு சின்ன உருண்டை தெரியும், அதுதான் நீர்ப்பை. அதன் சுவரில் ஒட்டிக்கொண்டு அரிசி மணியளவு வெள்ளையாக ஒன்று தெரியத் தொடங்கும். 23, 25 வாக்கில் அந்த அரிசிக்குள் ஏதோ ஒன்று மினுக்மினுக்கென்று அடிக்கும். அதுதான் இதயம். இத்தனை வருஷம் பார்த்தும் அந்த மினுக்கலைக் காணும்போது என் கை ஒரு நொடி நின்றுவிடுகிறது. வீட்டுக்காரர்களைத் திரைப் பக்கம் கூப்பிட்டுக் காட்டாமல் இருக்க என்னால் முடிவதில்லை.

28 வாக்கில் அரிசி, வேர்க்கடலை மாதிரி ஆகிறது: ஒரு பக்கம் தலை, ஒரு பக்கம் உடல். 33–35இல் கை கால் மொட்டுகள். 34இலிருந்து குட்டி தானாக அசையும், சில நேரம் துள்ளும். 33 முதல் 39க்குள் எலும்புகள் வெள்ளையாகத் தெரியத் தொடங்கும். 35–39இல் இரைப்பையும் மூத்திரப்பையும் இரண்டு கறுப்புப் பொட்டுகளாக வரும். 38–42இல் நுரையீரல் ஈரலைவிட வெளுப்பாகத் தெரியும். 39–47இல் சிறுநீரகமும் கண்ணும். குடல் தெரிவது கடைசி வாரத்தில், 57க்கு மேல். குட்டியின் குடல் நெளிவதைப் பார்த்துவிட்டால், வீட்டில் பெட்டியும் துணியும் தயார் செய்யச் சொல்லிவிடுவேன்.

நஞ்சுக்கொடியும் தெரியும். நாய்க்கு அது குட்டியின் நடுவே பெல்ட் கட்டியதுபோலச் சுற்றி நிற்கும்.

இதையெல்லாம் பார்த்தால் "ஏறக்குறைய" என்றுதானே சொல்லலாம்? நாலைந்து நாள் என்று எப்படிச் சொன்னீர்கள்?

உறுப்புகளைப் பார்ப்பது ஒரு வழி, அளப்பது இன்னொரு வழி. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

சினையின் முதல் பாதியில் நீர்ப்பையின் உள் விட்டத்தை அளக்கிறோம். 37ஆம் நாள் வாக்கில் நீர்ப்பை நீண்டு வடிவம் கெட்டுவிடும், அப்புறம் குட்டியின் தலையைக் குறுக்காக அளக்கிறோம். இந்த அளவுகளிலிருந்து நாளைக் கண்டுபிடிக்கப் பல வாய்ப்பாடுகள் இருக்கின்றன. சின்ன, நடுத்தர நாய்களுக்கு நான் எடுத்துக்கொள்வது இத்தாலியைச் சேர்ந்த லுவோனியும் கிரியோனியும் 2000இல் வெளியிட்டதை. பிரசவத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று அது நேராகச் சொல்லிவிடும்.

11 முதல் 25 கிலோ வரை எடையுள்ள தாய்க்கு: 82.13இலிருந்து நீர்ப்பையின் மி.மீ. அளவைக் கழித்து 1.8ஆல் வகுக்க வேண்டும். தலையை அளந்தால் 29.18இலிருந்து கழித்து 0.7ஆல் வகுக்க வேண்டும்.

10 கிலோவுக்கு உட்பட்ட தாய்க்கு: நீர்ப்பை என்றால் 68.68இலிருந்து கழித்து 1.53ஆல் வகுக்க வேண்டும். தலை என்றால் 25.11இலிருந்து கழித்து 0.61ஆல்.

அந்தச் சிப்பிப்பாறை 21 கிலோ. தலை 26. 29.18இல் 26 போனால் 3.18. அதை 0.7ஆல் வகுத்தால் நாலரை. அவ்வளவுதான் விஷயம்.

தாயின் எடை ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. தலை 20 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தாய் சிப்பிப்பாறை என்றால் இன்னும் 13 நாள் இருக்கிறது. தாய் பொமரேனியன் என்றால் எட்டரை நாள்தான். தாயின் எடையைக் கேட்காமல் தலையை மட்டும் பார்த்து யாராவது நாள் சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அளப்பதிலும் கவனம் வேண்டும். தலையின் இரண்டு பக்க எலும்பும் சமமாக, நடுக்கோடு நேராகத் தெரியும்படி புரோபை, அதாவது வயிற்றில் வைக்கும் கருவியை, திருப்பி நிறுத்த வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் இரண்டு மி.மீ. மாறிவிடும், நடுத்தர நாய்க்கு இரண்டு மி.மீ. என்பது மூன்று நாள்! குட்டியோ ஒரு இடத்தில் நிற்காது. அதனால் குறைந்தது இரண்டு குட்டிகளையாவது அளந்து சராசரி எடுப்பேன். நீர்ப்பையையும் குறுக்கே ஒரு முறை, நெடுக்கே ஒரு முறை அளந்து சராசரி பார்ப்பதே வழக்கம். இத்தனையும் செய்த பிறகும், முன்னே பின்னே ஒன்றிரண்டு நாள் வைத்தே சொல்வேன். கடைசி வாரங்களில் எடுத்த அளவு என்றால் மூன்று நாள் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் காகிதத்தில் 14 வாரம் என்று அச்சாகியிருக்கிறது. நாய்க்கு மொத்தமே 9 வாரம்தானே?

அது மனிதர்களுக்கான அட்டவணை. பல மெஷின்களில் மனிதக் கருவின் கணக்குதான் உள்ளே ஏற்றப்பட்டிருக்கும். 26 மி.மீ. தலையைக் கண்டால் அது 14 வாரக் குழந்தை என்று நினைத்துக்கொள்கிறது. வாரத்தை விட்டுவிடுங்கள், மி.மீ. அளவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது ராட்வீலர். 42 கிலோ. இந்தக் கணக்கு பொருந்துமா?

மேலே சொன்ன வாய்ப்பாடுகள் 25 கிலோவுக்கு உட்பட்ட நாய்களை வைத்து உருவானவை. பெரிய ஜாதிகளுக்கு அதைப் போட்டால் விலகல் அதிகமாகும். அங்கே நான் உறுப்புகள் தெரியும் வரிசைக்குக் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன், முடிந்தால் முதல் மாதத்திலேயே ஒரு ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்வேன். பக், புல்டாக் போன்ற சப்பை முக ஜாதிகளில் தலையே வேறு மாதிரி, தலையை வைத்து நாள் சொல்லும்போது நான் தயங்குவேன். அவற்றில் பல சிசேரியனில்தான் பிரசவமாகும் என்பதால் நாள் தெரிய வேண்டிய அவசியமும் அங்கேதான் அதிகம். அவற்றுக்கு ஹீட் நேரத்திலேயே, அதாவது சேர்க்கைக்குத் தயாராகும் பருவத்திலேயே, ரத்தத்தில் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனைப் பார்த்து முட்டை வெளியான நாளைக் குறித்துவிடுவது நல்லது. அதற்கு நிகரான கணக்கு வேறில்லை.

தெருவில் இருந்து ஒரு நாயைத் தூக்கி வந்தோம். வயிறு பெரிதாக இருக்கிறது. எப்போது சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. அதற்கும் நாள் சொல்ல முடியுமா?

முடியும். சொல்லப்போனால் ஸ்கேன் தன் முழு வேலையையும் காட்டுவது இங்கேதான். போன மாதம் கல்லூரிப் பெண்கள் இருவர் பேருந்து நிலையத்திலிருந்து அப்படி ஒரு செவலையைக் கொண்டு வந்தார்கள். விலா எலும்பு எண்ணலாம், வயிறு மட்டும் தொங்கியது. இன்றோ நாளையோ குட்டி போட்டுவிடும் என்ற பயத்தில் இருந்தார்கள். திரையில் குட்டியின் இரைப்பையும் மூத்திரப்பையும் தெரிந்தன, சிறுநீரகம் இன்னும் தெரியவில்லை. அப்படியானால் 40ஐ ஒட்டிய நாள். இன்னும் மூன்றரை, நான்கு வாரம் இருக்கிறது. வயிறு தொங்கியதற்குப் பாதிக் காரணம் குடற்புழுவும் பட்டினியும். நாய்க்குப் பாதுகாப்பான பூச்சி மருந்து கொடுத்து, சாப்பாடு போட்டு உடம்பைத் தேற்ற நான்கு வாரம் கையில் கிடைத்தது. அந்த நாள் கணக்கு தெரியாமல் இருந்திருந்தால் பெட்டி கட்டிக்கொண்டு காத்திருந்திருப்பார்கள், நாய் பட்டினியாகவே பிரசவத்துக்குப் போயிருக்கும்.

எத்தனை குட்டி என்று ஸ்கேனில் சரியாகச் சொல்லிவிடலாமா?

சொல்ல முடியாது. நான் "நாலுக்கு மேல்" என்றுதான் எழுதிக் கொடுப்பேன். கருப்பையின் கிளைகள் மடங்கி ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். ஒரே குட்டியை இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை எண்ணிவிடுவோம். விலாவுக்குக் கீழே ஒளிந்திருப்பதை விட்டுவிடுவோம். எண்ணிக்கை வேண்டுமென்றால் 55ஆம் நாளுக்குப் பிறகு எக்ஸ்ரே எடுங்கள். குட்டிகளின் எலும்பு 45ஆம் நாள் வாக்கிலிருந்து எக்ஸ்ரேயில் தெரிய ஆரம்பிக்கும், 55க்கு மேல் முதுகெலும்புகளையும் மண்டைகளையும் தனித்தனியாக எண்ணலாம். எக்ஸ்ரே பார்த்து எண்ணி வைப்பதன் பலன் பிரசவ இரவில் தெரியும். ஏழு இருக்கிறது என்று தெரிந்தால், ஆறோடு நாய் படுத்துவிட்டால் எங்களுக்குப் போன் செய்வீர்கள்.

எண்ணிக்கைக்கும் நாளுக்கும் தொடர்பு உண்டு. ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்தால் பிரசவம் தள்ளிப்போகும். பிரசவத்தைத் தொடங்கச் சொல்லும் சைகை குட்டிகளிடமிருந்து வருகிறது. ஒரே குட்டி என்றால் அந்தச் சைகை பலமாக இருக்காது. அந்த ஒன்றும் இடம் தாராளமாக இருப்பதால் பெரிதாக வளர்ந்து, வெளியே வர முடியாமல் சிக்கிக்கொள்ளும். ஒற்றைக் குட்டி என்று தெரிந்த நாயைக் கடைசி வாரத்தில் தினமும் பார்க்கச் சொல்வேன்.

வயிறு பெருத்தது, பால்கூட வந்தது, மூலையில் துணியை இழுத்துப் போட்டுக் கூடு கட்டியது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறீர்களே?

பொய்ச்சினை. நாய்க்கு இது மிகச் சகஜம். சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், ஹீட் முடிந்த பிறகு இரண்டு மாதம் போல அதன் உடம்பில் அதே ஹார்மோன்கள்தான் ஓடுகின்றன. உடம்பு தன்னைத் தாய் என்றே நம்புகிறது. அதைத் திட்டவோ, கட்டிய கூட்டைக் கலைத்து எறியவோ வேண்டாம். காம்பைப் பிதுக்கிப் பார்க்கவும் வேண்டாம். பிதுக்கப் பிதுக்கப் பால் கூடத்தான் செய்யும்.

ஆனால் ஹீட் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, சாப்பிடாமல் சோர்ந்து கிடப்பது, பின்னால் சீழ் போல வடிவது என்று இருந்தால் அது வேறு. கருப்பையில் சீழ் கோத்திருக்கலாம். வெளியே வடியாமலும் உள்ளே கோத்துக்கொள்ளும். ஸ்கேனில் அதுவும் கறுப்பு நீராகத்தான் தெரியும், உள்ளே கருவும் துடிப்பும் இருக்காது. இது உயிர்ப் பிரச்சினை, அன்றைக்கே கொண்டு வர வேண்டும்.

முதல் ஸ்கேனில் ஐந்து பார்த்தோம். பிறந்தது நாலு. ஒன்று எங்கே போனது?

ஒருவேளை நாங்கள் எண்ணியது தவறாக இருக்கலாம். இல்லையென்றால் ஒன்று உள்ளேயே கரைந்திருக்கும். முதல் ஐந்து வாரத்தில் ஒரு கரு இறந்தால் தாயின் உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும், வெளியே ஒன்றும் வராது, மற்றவை நன்றாகவே வளரும். எல்லாமே கரைந்துபோனால் மட்டும் காரணம் தேட வேண்டும்.

குட்டிகள் நலமாக இருக்கின்றனவா என்று கடைசி நேரத்தில் எப்படித் தெரியும்?

இதயத் துடிப்புதான் சொல்லும். நிமிடத்துக்கு 220க்கு மேல் இருந்தால் நிம்மதி. 180க்கும் 220க்கும் இடையில் இருந்தால் அங்கிருந்து நகரக் கூடாது, சிறிது நேரம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். வலி வரும்போது துடிப்பு இறங்கி ஏறுவது இயல்பு, ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு கட்ட முடியாது. 180க்குக் கீழேயே நின்றுவிட்டால் குட்டி மூச்சுக்குத் தவிக்கிறது என்று பொருள். அப்போது நாள் கணக்குப் பார்க்க நேரமில்லை, ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டியதுதான்.

63 நாள் தாண்டிவிட்டது. பயமாக இருக்கிறது. சிசேரியன் செய்தால் என்ன?

உங்கள் பயம் புரிகிறது. ஆனால் நாள் தெரியாமல் கத்தி வைப்பதைத்தான் நான் இந்தத் தொழிலில் மிகவும் அஞ்சுகிறேன். குட்டியின் நுரையீரல் விரிந்து மூச்சுவிடத் தயாராவது கடைசிச் சில நாட்களில். நாலு நாள் முன்னால் எடுத்துவிட்டால், பார்க்க முழுக் குட்டியாக, முடியோடு, நகத்தோடு இருக்கும். ஆனால் மூச்சு வராது. ஒவ்வொன்றாகத் துணியில் தேய்த்துத் தேய்த்து உயிர் வராமல் போவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் தெரியும். படிப்பு முடித்த புதிதில் ஓரிடத்தில் வேலை பார்த்தபோது, வீட்டுக்காரர் சொன்ன தேதியை நம்பி எடுத்த அப்படி ஐந்து குட்டிகளை நானே என் கையால் தேய்த்திருக்கிறேன். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து அவசரம் இல்லாத நாய்க்குத் தேதியை மட்டும் கேட்டு நான் ஆபரேஷன் செய்ததில்லை.

முதலில் ஸ்கேன். துடிப்பு நன்றாக இருந்து, தலை அளவு இன்னும் நாள் இருக்கிறது என்று சொல்லி, தாயும் தெம்பாக இருந்தால் காத்திருக்கலாம். சந்தேகம் இருந்தால் புரோஜெஸ்டிரான் பார்க்கிறோம். அது ஒரு மில்லிக்கு 2 நானோகிராமுக்குக் கீழே இறங்கியிருந்தால் பிரசவம் ஒரு நாளுக்குள் வரும், குட்டிகளும் தயார். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது வெப்பமானி. 58ஆம் நாளிலிருந்து காலையும் மாலையும் ஆசனவாயில் வைத்துப் பார்த்து எழுதுங்கள். வழக்கமாக 38ஐத் தாண்டி இருப்பது 37.2 டிகிரிக்குக் கீழே விழுந்தால், 12 முதல் 24 மணி நேரத்தில் வலி தொடங்கும்.

காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. வெப்பம் விழுந்து ஒரு நாள் ஆகியும் வலி வரவில்லை. குட்டி ஒன்றும் வராமலேயே கரும்பச்சையாக வடிகிறது. அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை. ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டது. சேர்க்கையிலிருந்து 70 நாள் ஆகிவிட்டது. இதில் எது நடந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள்.

ஸ்கேன் குட்டிகளைப் பாதிக்குமா? முன்னேற்பாடு ஏதாவது?

பாதிக்காது. அது ஒலி அலை, எக்ஸ்ரே போலக் கதிர்வீச்சு இல்லை. நாலைந்து மணி நேரம் சாப்பாடு கொடுக்காமல் கூட்டி வாருங்கள், குடலில் காற்று இருந்தால் படம் மறையும். தண்ணீர் கொடுக்கலாம். கிளினிக் வாசலில் மூத்திரம் போகவிடாதீர்கள், மூத்திரப்பை நிறைந்திருந்தால் ஆரம்பச் சினை தெளிவாகத் தெரியும். முடி அடர்ந்த நாய்க்கு வயிற்றில் கொஞ்சம் மழிப்போம், வளர்ந்துவிடும். கன்னி, சிப்பிப்பாறை போலக் குறுமுடி நாய்களுக்கு ஜெல் மட்டுமே போதும். கடைசி வாரங்களில் மல்லாக்கப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் படுக்க வைத்தோ நிற்க வைத்தோ பார்க்கச் சொல்லுங்கள். மல்லாந்தால் குட்டிகளின் பாரத்தில் அதற்கு மூச்சு முட்டும்.

ஸ்கேனுக்குப் பதில் ரத்தப் பரிசோதனை செய்யலாமா?

சினையா இல்லையா என்பதற்கு, ரத்தத்தில் ரிலாக்சின் என்ற ஹார்மோனைப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது, ஏறக்குறைய நான்கு வாரத்துக்குப் பிறகு. ஆனால் அது நாளையும் சொல்லாது, குட்டி உயிரோடு இருக்கிறதா என்றும் சொல்லாது. புரோஜெஸ்டிரானை வைத்துச் சினையைக் கண்டுபிடிக்கவே முடியாது, பொய்ச்சினையிலும் அது உயர்ந்தே இருக்கும்.

சினை உறுதியானதும் கால்சியம் டானிக் ஆரம்பித்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். ஸ்கேன் முடிந்து வெளியே போனதும் பலர் செய்யும் முதல் காரியம் இதுதான், அன்பினால்தான் செய்கிறார்கள். சினைக்காலத்தில் கால்சியத்தை மேலே மேலே கொடுத்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் வேலையை உடம்பு மறந்துவிடும். குட்டி போட்டுப் பால் பெருகும்போது திடீரென்று ரத்தத்தில் கால்சியம் இறங்கி, நாய் நடுங்கி வலிப்பு வந்து விழும். நாள் தெரிந்துகொண்டதன் பயன் சாப்பாட்டில் இருக்கிறது. குட்டி வேகமாக வளர்வது கடைசி மூன்று வாரத்தில்தான். அதுவரை வழக்கமான அளவு, அப்புறம் படிப்படியாகக் கூட்டிச் சின்னச் சின்ன வேளைகளாகக் கொடுங்கள். வயிற்றில் குட்டிகள் இடத்தை அடைத்துக்கொள்வதால் ஒரே மூச்சில் அதனால் சாப்பிட முடியாது.

ஸ்கேன் முடிந்து கிளம்பும்போது எதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்?

நான்கு விவரம் எழுதி வாங்குங்கள்: ஸ்கேன் எடுத்த தேதி, நாயின் எடை, எதை அளந்தார்கள், எத்தனை மி.மீ. "நன்றாக இருக்கிறது" என்ற ஒரு வரியோடு அனுப்பினால், திரும்பிப் போய் எண்ணைக் கேளுங்கள். கோபப்பட மாட்டார்கள். பிரசவம் பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும், அப்போது நீங்கள் போய் நிற்கும் இடத்தில் வேறு ஒரு டாக்டர் இருப்பார். அந்தத் துண்டுக் காகிதம் இருந்தால் காத்திருப்பதா, ஆபரேஷனா என்று அவர் கணக்குப் போட்டு முடிவெடுக்கலாம்.

அந்தச் சிப்பிப்பாறைக்காரர் இந்த முறை 29ஆம் நாளே கூட்டி வந்தார். நீர்ப்பை 19 மி.மீ. இன்னும் 35 நாள், முன்னே பின்னே இரண்டு. பழைய காலண்டரையே எடுத்து, நான் சொன்ன நாளில் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டார்.